அத்தை கொண்டுவந்த வழக்கு

என் தொழிலில் பெரும்பகுதி பாகப்பிரிவினையும் நில எல்லைத் தகராறும்தான். மைசூரு சாமராஜபுரம் கோர்ட் வளாகத்தில் தமிழ்க் குடும்பங்கள் என்னைத் தேடி வருவதற்கு, நான் கொள்ளேகாலத்துக்காரன் என்பதும் ஒரு காரணம். 1956 வரை அந்த ஊர் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மாநிலங்கள் பிரிந்தபோது மைசூர் பக்கம் வந்து சேர்ந்தது. வீடு ஒரு மாநிலத்திலும் தோட்டம் இன்னொன்றிலுமாகக் கிடக்கும் குடும்பங்களின் வழக்குகளைப் பார்த்துப் பழகியவன் நான். ஆனால் ஒரு குழந்தையின் உடம்பு எந்த மாநிலத்து உத்தரவுக்குக் கட்டுப்பட்டது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டிய நிலை 2019 தசரா விடுமுறையில்தான் வந்தது. கட்சிக்காரரின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். சட்டம் பற்றிய எதையும் மாற்றவில்லை.

வந்தவர் குழந்தையின் அத்தை. மைசூருவில் வீட்டிலிருந்தபடியே ஊதுபத்தி உருட்டும் வேலை. அவருடைய அண்ணன் தாளவாடிப் பக்கம் விவசாயம் செய்கிறார். தாளவாடி தமிழ்நாட்டில், ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து சத்தியமங்கலம் போக வேண்டுமென்றால் திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்க வேண்டும். இந்தப் பக்கம் சாமராஜநகரைத் தாண்டினால் மைசூரு. அதனால் பிரசவமென்றாலும் பெரிய வியாதியென்றாலும் அந்தப் பகுதியில் பலர் மைசூருக்கு வருவதுதான் வழக்கம். இந்தக் குழந்தையும் இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிறந்ததுதான். பிறந்தபோது ஆண் என்றோ பெண் என்றோ பார்த்தவுடன் சொல்ல முடியவில்லை. சில மாதங்கள் கழித்து ஆபரேஷனுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். விஜயதசமி முடிந்த அடுத்த வாரம். சின்ன வயதிலேயே செய்துவிட்டால் குழந்தைக்கு ஞாபகமே இருக்காது, ஊருக்கும் தெரியாது என்பது பெற்றோருக்குச் சொல்லப்பட்ட காரணம். பெற்றோர் தலையாட்டிவிட்டார்கள். அத்தைக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை.

“ஏனுங்க வக்கீலய்யா, அது பெரிசாகி எனக்கு எதுக்கு இப்படிப் பண்ணுனீங்கன்னு கேட்டா, யாருங்க பதில் சொல்றது?” என்றார்.

அந்தக் கேள்விக்கு ஆறு மாதத்துக்கு முன்புதான் மதுரையில் ஒரு நீதிபதி பதில் எழுதியிருந்தார். அந்தத் தீர்ப்பை நான் படித்திருந்ததே வேறு காரணத்துக்காக. அது ஒரு கல்யாண வழக்கு. 2018 அக்டோபர் 31-ல் தூத்துக்குடியில் ஒரு கோயிலில் ஓர் இளைஞரும் ஒரு திருநங்கையும் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவாளர் அதைப் பதிய மறுத்தார், மேல்முறையீட்டிலும் மறுப்புதான். அருண்குமார் எதிர் பதிவுத்துறைத் தலைவர் என்ற அந்த வழக்கில், 2019 ஏப்ரல் 22-ல், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் சொல்லும் மணப்பெண் என்பவர் திருநங்கையாகவும் இருக்கலாம் என்று தீர்ப்பளித்தார். கல்யாண வழக்கு அதோடு முடிந்தது. மனுதாரர்கள் கேட்டதும் அவ்வளவுதான்.

நீதிபதி அங்கே நிறுத்தவில்லை. ஊடுபால் குழந்தைகளுக்கு, அதாவது ஆண், பெண் என்ற இரண்டு வரையறைக்குள்ளும் அடங்காத உடலமைப்போடு பிறக்கும் குழந்தைகளுக்கு, கைக்குழந்தைப் பருவத்திலேயே செய்யப்படும் பால் மாற்ற அறுவைகளைத் தமிழ்நாடு அரசு தடைசெய்ய வேண்டும் என்று அதே தீர்ப்பில் உத்தரவிட்டார். மதுரையைச் சேர்ந்த கோபி ஷங்கர் எழுதிய ‘மறைக்கப்பட்ட பக்கங்கள்’ என்ற நூல் தன் கண்ணைத் திறந்ததாகத் தீர்ப்பிலேயே பதிந்தார். 2015-லேயே மால்டா நாடு இப்படியொரு தடையைக் கொண்டுவந்திருந்தது. பெற்றோர் கொடுக்கும் சம்மதத்தைக் குழந்தையின் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் வாதத்தின் சாரம். அந்த ஆகஸ்ட்டிலேயே தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர வேறெதற்கும் இந்த அறுவை கூடாது. உயிருக்கு ஆபத்தா இல்லையா என்பதைக் கத்தி பிடிக்கும் டாக்டர் தனியாக முடிவுசெய்யக் கூடாது, மருத்துவக் கல்வி இயக்குநரும் ஒரு நிபுணர் குழுவும் முடிவு செய்ய வேண்டும். கேட்காத நிவாரணத்தைக் கொடுப்பது நீதிமன்ற மரபுக்குச் சற்று முரணானது என்று சுத்த சிவில் வக்கீல்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கும் முதல் வாசிப்பில் அந்தச் சுளிப்பு இருந்தது. ஊடுபால் குழந்தை எதுவும் தானாக வழக்குப்போட்டு நீதிமன்றத்துக்கு வரப்போவதில்லை என்பதை யோசித்துப் பார்த்தபோது, வேறு வழக்கின் முதுகில் ஏறித்தான் அது வரவேண்டியிருந்தது என்று புரிந்தது.

இது ஊடுபால் குழந்தைகளுக்கு மட்டும் உரிய நிலையும் இல்லை. திருநங்கையர், திருநம்பியர், தன்பால் ஈர்ப்புள்ளவர் யாராக இருந்தாலும், ஆஸ்பத்திரியில் நடந்ததற்காக நோயாளி என்ற முறையில் வழக்குத் தொடுத்தவர்களை நான் அநேகமாகப் பார்த்ததே இல்லை. நடக்காததால் அல்ல. எந்த வார்டில் போடுவது என்று கேட்டுக் கேட்டே திருப்பி அனுப்பப்பட்டவர்களின் கதையை என் ஆபீஸில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அதை வழக்காக்க முயலும்போதுதான் சிக்கல் தெரியும். ரிட் மனு போட வேண்டுமென்றால் எந்த உத்தரவை எதிர்த்து என்று காட்ட வேண்டும், அல்லது எழுதிக்கேட்டு மறுத்தார்கள் என்றாவது காட்ட வேண்டும். சிகிச்சை கொடுத்தால் சீட்டு உண்டு, பில் உண்டு. மறுத்தால் ஒரு துண்டுக் காகிதமும் கிடையாது. நுகர்வோர் மன்றத்துக்குப் போகலாமென்றால், எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் ஆஸ்பத்திரி அதன் வரம்புக்கு வெளியே என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏழை நோயாளி போவதோ அங்கேதான். எல்லாவற்றுக்கும் மேலாக, மனுவின் முதல் பத்தியிலேயே தான் யார் என்பதைப் பெயர், தகப்பன் பெயர், முகவரியோடு எழுதிச் சத்தியம் செய்ய வேண்டும். வீட்டில் சொல்லாததைக் கோர்ட்டில் சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

மைசூருவில் பெயர் முகவரி எழுதுவதற்கு இன்னொரு அர்த்தமும் இருந்தது. 2011-ல் கர்நாடக போலீஸ் சட்டத்தில் 36ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். பையன்களைக் கடத்துகிறார்கள், காயடிக்கிறார்கள் என்று சந்தேகிக்கப்படும் திருநங்கையரின் பெயரையும் இருப்பிடத்தையும் போலீஸ் கமிஷனர் பதிவேட்டில் எழுதிவைக்கலாம் என்றது அது. பிரிட்டிஷ் காலத்துக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் வாடை அப்படியே அடித்தது. கமிஷனர் அலுவலகம் உள்ள நகரங்களில் மைசூருவும் ஒன்று. பாலியல் சிறுபான்மையினர் அமைப்பு ஒன்று உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு, அரசே பிரிவைத் திருத்தி, திருநங்கையரைக் குறித்த சொல்லை எடுத்துவிட்டுப் பொதுவாக நபர்கள் என்று எழுதிக்கொண்டது. ஆனால் போலீஸ் ஒரு பக்கம் பட்டியல் எழுதும் ஊரில், ஆஸ்பத்திரி ஓ.பி. கவுண்டரிலும் பெயர் கேட்டால் ஒருவர் தயங்கத்தான் செய்வார். அந்தக் காலத்தில் இந்த ஊரில் அவர்களுக்கு நம்பிப் போக இடமாக இருந்தது ஆஷோதயா சமிதிதான். பாலியல் தொழிலாளர்கள், பெண்களும் ஆண்களும் திருநங்கையருமாகச் சேர்ந்து, தாங்களே நடத்தும் அமைப்பு அது, எச்.ஐ.வி. தடுப்பில் தொடங்கித் தங்களுக்கென்று ஒரு கிளினிக்கையும் அமைத்துக்கொண்டார்கள். சட்டம் தராத ஒன்றைச் சங்கம் தந்தது என்று நான் எழுதினால் என் சக வக்கீல்கள் கோபித்துக்கொள்வார்கள்.

அத்தையின் விஷயத்துக்கு வருகிறேன். மதுரைத் தீர்ப்பும் அரசாணையும் என் மேசைமேல் இருந்தன. இரண்டும் எனக்கு நேரடியாக உதவாது என்பதும் தெரிந்திருந்தது. ஓர் உயர் நீதிமன்றத்தின் உத்தரவு அதன் மாநிலத்து அதிகாரிகளைக் கட்டும். பக்கத்து மாநிலத்து நீதிபதி அதை மரியாதையோடு படிப்பார், ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். அரசாணை அதைவிடக் குறுகியது: தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு மட்டும். குழந்தை தமிழ்நாட்டுக் குழந்தை. ஆபரேஷன் மேசையோ கர்நாடகத்தில். மலைப்பாதை வழியாகக் கீழே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனால் எந்த டாக்டரும் தொட முடியாத அதே உடம்பை, நேர்ச் சாலையில் மைசூருக்குக் கொண்டுவந்தால் பெற்றோர் கையெழுத்தோடு தொடலாம்.

கர்நாடகத்தில் சட்டம் ஒன்றுமே இல்லையா என்றால், நாடு முழுவதற்குமான இந்திய தண்டனைச் சட்டம் அப்போது, 2024 வரை, அமலில் இருந்தது. அதன் 320-ஆம் பிரிவில் கொடுங்காயங்களின் பட்டியலில் முதலாவதாக நின்றது ஆண்மையிழக்கச் செய்தல். 89-ஆம் பிரிவு, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காப்பாளரின் சம்மதத்தோடு நல்லெண்ணத்தில் செய்வது குற்றமல்ல என்று டாக்டருக்குக் குடை பிடித்தது. ஆனால் அதே பிரிவின் விதிவிலக்கு, கொடுங்காயம் விளைவிக்கும் செயலென்றால் அது மரணத்தையோ வேறொரு கொடுங்காயத்தையோ தடுப்பதற்காக, அல்லது கொடிய நோயையோ ஊனத்தையோ குணப்படுத்துவதற்காக இருக்க வேண்டும் என்றது. ஆக, டாக்டர் இந்தக் குடைக்குள் நிற்க வேண்டுமானால், நோகாமல் பால் குடித்துத் தூங்கும் ஒரு குழந்தையின் உடலமைப்பைக் கொடிய ஊனம் என்று சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. 2014-ல் நால்சா தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் ஒருவரின் பாலின அடையாளத்தை அவரே தீர்மானிக்கலாம் என்று சொன்ன பிறகு, அந்தச் சத்தியத்தைச் செய்வது எளிதல்ல. வாதம் நன்றாகத்தான் இருந்தது. குற்றவியல் வாதத்தில் ஒரு குறை உண்டு. அது காரியம் நடந்து முடிந்த பிறகுதான் பயன்படும்.

முன்னாலேயே தடுக்க வேண்டுமானால் சிவில் பக்கம் போக வேண்டும். 1956-ஆம் ஆண்டு இந்து இளவர் காப்பாளர் சட்டத்தை எடுத்து, பலமுறை பார்த்த பக்கங்களையே மறுபடி பார்த்தேன். ஆறாம் பிரிவு இயற்கைக் காப்பாளர் யாரென்று சொல்ல ஆரம்பிக்கும்போதே பையனா, திருமணமாகாத பெண்ணா என்றுதான் ஆரம்பிக்கிறது. இரண்டுமல்லாத குழந்தைக்குத் தகப்பன் உண்டா என்பதுகூட அந்தச் சட்டத்தின் எழுத்துப்படி சந்தேகம்தான். எட்டாம் பிரிவுதான் என்னை உட்கார வைத்தது. காப்பாளர் குழந்தையின் நன்மைக்காக எதையும் செய்யலாம். ஆனால் குழந்தையின் பெயரில் உள்ள நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ ஐந்து வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ கோர்ட்டின் முன் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் விற்றால், மேஜரான பிறகு அந்தப் பிள்ளை வழக்குப்போட்டுக் கிரயத்தை ரத்துசெய்யலாம். இந்தப் பிரிவின் கீழ் எத்தனையோ மனுக்களை நானே தாக்கல் செய்திருக்கிறேன். அரை ஏக்கருக்காக நீதிபதி தகப்பனைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பார்: விற்ற பணம் எங்கே போகும், பிள்ளைக்கு என்ன லாபம், வேறு வழி இல்லையா? உடம்பை வெட்டுவதற்கு அப்படிக் கேட்க ஆளில்லை. நிலத்தைக் கிரயத்துக்குப் பின்னும் மீட்கலாம்.

மனுதாரர் யார் என்பது அடுத்த சிக்கல். அத்தைக்கு எங்கள் பக்கம் இருக்கும் அந்தஸ்து சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காது குத்தும்போதும் பெயர் வைக்கும்போதும் அவர் இல்லாமல் நடக்காது. சிவில் நடைமுறைச் சட்டமும் ஒன்றும் அவரை விலக்கி வைக்கவில்லை. மைனருக்காக, மைனரின் நலனுக்கு எதிரான நோக்கமில்லாத எந்தப் பெரியவரும் வழக்குத் தொடுக்கலாம். ஆனால் அவர் வழக்குப்போட்டால் எதிர்மனுதாரர் வரிசையில் முதலில் உட்காருபவர் அவருடைய கூடப்பிறந்த அண்ணன். தசரா விடுமுறை, பெங்களூருவில் விடுமுறைக்கால அமர்வு முன்னால் அவசர மனு போட்டிருக்கலாம். நீதிபதி கேட்கும் முதல் கேள்வி எனக்கு மனப்பாடம்: தாய் தகப்பன் எங்கே, அவர்கள் என்ன சொல்கிறார்கள்? அதற்கு நேர்மையான பதிலைச் சொன்னால் மனு அங்கேயே ஆட்டம் காணும். தடை கிடைத்தாலும், அன்றிரவே அண்ணன் வீட்டுக் கதவு தங்கைக்கு மூடப்படும். பிறகு அந்தக் குழந்தைக்கென்று பேச அந்த வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். வழக்கில் ஜெயித்துக் கட்சிக்காரரைத் தோற்கடிப்பது எங்கள் தொழிலில் நடக்காத காரியமல்ல.

அதனால் வழக்குப் போடவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். மிரட்டல் வாசகம் எதுவும் இல்லாமல், தீர்ப்பின் பிரதியையும் அரசாணையையும் இணைத்து, இரண்டே கேள்வி: இந்த அறுவையைச் செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து உண்டா? உண்டென்றால் அதை எழுத்தில் தர முடியுமா? பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக அவர்கள் தகப்பனைக் கூப்பிட்டு, விளைவுகளுக்கு முழுப் பொறுப்பும் நானே என்று முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துக் கேட்டார்கள். அந்த ஒரு காகிதம்தான் காரியத்தைத் திருப்பியது. தகப்பனுக்கு மருத்துவம் தெரியாது, ஆனால் முத்திரைத்தாளை நன்றாகத் தெரியும். அவருடைய அப்பா காலத்திலிருந்து ஒரு வரப்புத் தகராறு சத்தியமங்கலம் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. தங்கையைத் திட்டிக்கொண்டேதான் என் ஆபீஸுக்கு வந்தார்.

“பெத்தவன் நானுங்க. நாஞ்சொன்னா ஆகாதுங்களா?” என்றார்.

“ஆகும். கையெழுத்துப் போட்டால் ஆகிவிடும்” என்றேன். “உங்க அப்பா இந்தக் குழந்தை பேர்ல ஒரு ஏக்கர் காடு எழுதி வெச்சிருக்கார்னு வெச்சுக்குங்க. அதை விக்க உங்களால ஆகுமா?”

“கோர்ட்டுல உத்தரவு வாங்கோணும்.” யோசிக்காமல் சொன்னார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. வேறொன்றையும் நான் விளக்கவில்லை; பிரிவு எண் எதையும் சொல்லவில்லை. கோயம்புத்தூருக்குக் கொண்டுபோய் வேறொரு டாக்டரிடம் காட்டினால் மறுக்கமாட்டீர்களே என்று மட்டும் கேட்டேன். அரசாணையின் பிரதியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

கோவையில் ஓர் அரசு மருத்துவர் பொறுமையாகப் பார்த்தார் என்று பிற்பாடு அத்தை சொன்னார். அங்கே தெரியவந்த செய்தி எனக்கே பாடம். அட்ரீனல் சுரப்பியில் பிறவியிலேயே ஒரு குறை. அதற்கு ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற மாத்திரையை அளவாக, தினமும், வேளை தவறாமல் கொடுக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் அளவைக் கூட்ட வேண்டும், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. கத்தி பத்து வருஷம் காத்திருக்கலாம், மாத்திரை இரண்டு நாள்கூடக் காத்திருக்காது. அதுவரை குடும்பத்தாரின் காதில் விழுந்ததெல்லாம் ஆபரேஷன் பேச்சுதான். மாத்திரை பற்றி யாராவது சொல்லியிருந்தாலும் அந்தக் கலக்கத்தில் அது அவர்கள் மனதில் தங்கவில்லை. பரிசோதனை, குழந்தை ஆண் என்றதா பெண் என்றதா என்று வாசகர்கள் கேட்கலாம். அதை நான் எழுதப்போவதில்லை. அது அந்தக் குழந்தைக்குச் சேர்ந்த தகவல்.

அந்த மாத்திரை சின்ன ஊர்க் கடைகளில் இருப்பதில்லை. கோவைச் சீட்டுக்கு மைசூரு மருந்துக்கடையில் அத்தை வாங்கி, பஸ்ஸில் கொடுத்து அனுப்புவது என்று ஏற்பாடானது. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது, எல்லைச் சோதனைச்சாவடி மூடியது, பஸ் நின்றது. எந்த மாநில எல்லை குழந்தையைக் கத்தியிலிருந்து காப்பாற்றியதோ, அதே எல்லை இப்போது மாத்திரைக்குக் குறுக்கே நின்றது. தாளவாடியிலிருந்து முட்டைக்கோஸும் தக்காளியும் ஏற்றிவரும் லாரிகளை மட்டும் அத்தியாவசியம் என்று விட்டார்கள். டாக்டர் சீட்டின் நகலோடு, இது உயிர்காக்கும் மருந்து, தயவுசெய்து தடுக்க வேண்டாம் என்று என் லெட்டர்ஹெட்டில் கன்னடத்தில் ஒன்றும் தமிழில் ஒன்றுமாக எழுதிக் கொடுத்தேன். லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் டிரைவர்கள் பொட்டலத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சட்ட மதிப்பு எதுவும் இல்லாத காகிதம் அது. நான் எழுதியவற்றில் நினைத்த காரியத்தை உடனே சாதித்த காகிதங்களில் ஒன்று.

இதற்கிடையில் சட்டமும் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. 2020 ஜனவரி 10-ல் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது; ஊடுபால் உடலமைப்புள்ளவர்களையும் அது உள்ளடக்குகிறது. மூன்றாம் பிரிவு, சிகிச்சை மறுப்பதையும் சிகிச்சையில் பாகுபாடு காட்டுவதையும் தடைசெய்கிறது. படித்ததும் மகிழ்ந்து, தண்டனை சொல்லும் பதினெட்டாம் பிரிவுக்குப் புரட்டினேன். அங்கே பொது இடத்துக்குள் வரவிடாமல் தடுப்பது, வீட்டைவிட்டு விரட்டுவது, உடலுக்கோ மனதுக்கோ தீங்கிழைப்பது என்றெல்லாம் இருக்கிறது. மூன்றாம் பிரிவை மீறி மருத்துவம் மறுத்தால் இன்ன தண்டனை என்று நேராக ஒரு வரி இல்லை. ஆஸ்பத்திரியும் பொது இடம்தானே, மறுப்பும் தீங்குதானே என்று வாதாடி உள்ளே நுழைய வேண்டும். தன்பால் ஈர்ப்புள்ளவர்களுக்கு இந்தச் சட்டமும் கிடையாது. அவர்களுக்கு எழுத்தில் உள்ள பாதுகாப்பு 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில்தான். அங்கே பாலியல் நாட்டத்தைக் காரணம் காட்டிப் பாகுபாடு கூடாது என்று வெளிப்படையாக இருக்கிறது. அதே சட்டத்தில், தனக்காகப் பேச யாரை வேண்டுமானாலும் ஒரு வெள்ளைத் தாளில் எழுதி நியமித்துக்கொள்ளலாம். மனநோய் வந்தால் துணைவரை நியமிக்கலாம். மாரடைப்பு வந்து ஐ.சி.யூ.வில் கிடந்தால் அதே துணைவர், நீங்கள் நோயாளிக்கு என்ன உறவு என்ற கேள்விக்குக் கதவுக்கு வெளியே நின்று பதில் தேட வேண்டும்.

2021 ஜூன் 7-ல் சுஷ்மா வழக்கின் உத்தரவு வந்தபோது மதுரைத் தீர்ப்பை மறுபடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அதுவும் மருத்துவ வழக்காகத் தொடங்கியதல்ல. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம் பெண்கள், பெற்றோரின் புகாரில் போலீஸ் தொந்தரவு செய்யாமல் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே முழுதாகப் புரியவில்லை என்று உத்தரவில் எழுதி, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்து தீர்ப்பெழுதினார். எனக்குத் தெரிந்து அப்படிச் செய்த நீதிபதி இன்னொருவர் இல்லை. வழக்கை முடித்துவிடாமல் நிலுவையிலேயே வைத்து, துறை துறையாக அறிக்கை கேட்டார். பிள்ளையைத் திருத்துகிறோம் என்று சொல்லிச் செய்யப்படும் மனமாற்றச் சிகிச்சையைத் தடைசெய்யச் சொன்னார். அதன் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்ட்டில் தேசிய மருத்துவ ஆணையம், அப்படிச் சிகிச்சை செய்வது டாக்டரின் தொழில் ஒழுங்கீனம் என்று எல்லா மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கும் எழுதியது. வித்தியாசம் எங்கே என்றால், உத்தரவு யாருக்கு அனுப்பப்பட்டது என்பதில். முதல் வழக்கில் சென்னைச் சுகாதாரச் செயலருக்கு. அது திம்பத்தில் நின்றது. இரண்டாவதில் டெல்லியிலுள்ள ஆணையத்துக்கு. அது மைசூருவுக்கும் வந்தது. மகனை “சரிபண்ண” ஒரு டாக்டர் பேக்கேஜ் சொன்னார் என்று சென்ற ஆண்டு வந்த ஒரு தகப்பனிடம் அந்தக் கடிதத்தின் பிரதியைக் கொடுக்க முடிந்தது. 2019-ல் அத்தையிடம் கொடுக்க அப்படி ஒன்று என்னிடம் இல்லை.

ஊடுபால் குழந்தைகளின் அறுவையை நாடு முழுவதற்கும் ஒழுங்குபடுத்தக் கோரி கோபி ஷங்கரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2024 ஏப்ரலில் மத்திய அரசுக்கு நோட்டீஸ் போனது. காப்பாளர் சட்டத்தின் எட்டாம் பிரிவு வாதத்தை யாராவது அங்கே முதலில் வைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நில வழக்கு பார்த்தவன் புத்தி அப்படித்தான் போகும். செய்தியைப் படித்த அன்று தாளவாடிக்கு போன் செய்தேன். குழந்தை நன்றாக இருக்கிறதாம், காய்ச்சல் வந்தால் மட்டும் வீடே விழித்திருக்குமாம். அத்தையும் அண்ணனும் பேசிக்கொள்கிறார்கள். உச்ச நீதிமன்ற வழக்கைப் பற்றியும் சொன்னேன்.

“அது வந்துட்டா மைசூர் ஆஸ்பத்திரிக்கும் செல்லுங்களா?” என்று தகப்பன் கேட்டார்.

“உச்ச நீதிமன்றம் சொன்னா எல்லா ஊருக்கும் செல்லும்.”

“எப்பங்க வரும்?”

நோட்டீஸ் போயிருக்கிறது, அடுத்த தேதி போடுவார்கள் என்றேன். இரண்டு தலைமுறையாகச் சத்தியமங்கலம் கோர்ட்டுக்குத் தேதி கேட்டு நடந்த குடும்பம். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. ராகி விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.